ஒண்டிக்கு ஒண்டி: கண்ணப்பர் திடல் நினைவுகள்

ஏற்காட்டில் ஏரிக்கு அருகே, சாலைகள் கூடிப் பிரியும் இடத்திற்கு ஒண்டிக்கடை என்று பெயர். ஒரு காலத்தில் ஒற்றைக் கடை மட்டும் இருந்தமையால் வந்த பெயர் என்பர். இன்று அங்கே கடைகளுக்குக் குறைவில்லை; பெயர் மட்டும் ஒண்டியாகவே நிற்கிறது. இராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, 1984ஆம் ஆண்டு ஆசிரியப் பணிக்காக இம்மலையேறி வந்த எனக்கு அந்தப் பெயர் முதல் நாளே வேறொன்றை நினைவூட்டியது. வடசென்னைத் தெருக்களில் இருவர் மோதிக்கொள்ளும்போது, சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி ஒருவன் சொல்லும் சொல் அது: "ஒண்டிக்கு ஒண்டி வா." துணைக்கு ஆளில்லை, ஆயுதமில்லை, நீயும் நானும் மட்டுமே என்பது அதன் பொருள். அந்தச் சொல்லுக்குக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, நடுவரை நிறுத்தி, நேரமும் குறித்தால் அதுவே குத்துச்சண்டை மேடை.

இந்த மலரில் கவிதையைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் எழுத வல்லார் பலர் இருக்கின்றனர். நான் எழுத எடுத்துக்கொண்டது வடசென்னைக் குத்துச்சண்டையை. இலக்கிய வட்டத்து மலரில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர்க்கு விடை புறநானூற்றிலேயே இருக்கிறது.

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவனாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். அந்தப் போரை ஆறு பாடல்கள் பேசுகின்றன. 80 முதல் 82 வரை சாத்தந்தையார் பாடியவை. 83 முதல் 85 வரை பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. சாத்தந்தையார் களத்தின் அருகே நின்று பார்த்தவர் போலப் பாடுகிறார். ஒரு கால் மார்பில், ஒரு கால் முதுகில் என்று பிடியைக்கூட விடாமல் குறித்து வைக்கிறார். நக்கண்ணையார் நிலை வேறு. அவர் அவனை விரும்பியவர். அவன் வென்றான் என்கின்றனர் ஒரு சாரார்; வெல்லவில்லை என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாரார் பேச்சையும் கேட்டுப் பொறாமல், காற்சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனையைப் பற்றி நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாக 85ஆம் பாட்டில் கூறுகிறார். தமிழில் நமக்குக் கிடைக்கும் முதல் சண்டை ரசிகர் அவரே என்பது என் துணிபு. நுழைவுச் சீட்டுக்கு வழியின்றித் திடலுக்கு வெளியே மரத்திலும் மதிலிலும் தொற்றி நின்று பார்த்த எங்கள் இராயபுரத்துச் சிறுவர்கள் அனைவரும் அந்தப் பனைக்குச் சொந்தக்காரர்கள்.

நான் முதன்முதலாகக் கண்ணப்பர் திடலுக்குப் போனது 1970இல், பத்து வயதில், தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு. மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, நேரு விளையாட்டரங்கின் பக்கமாக நடந்து போன நினைவு. திடல் என்றால் திடல்தான்; நிலையான கட்டடம் எதுவுமில்லை. சண்டை அன்று மேடை எழும்பும். சுற்றிலும் தகரமோ கீற்றோ கொண்டு அடைப்பு எழும்பும். சவுக்குக் கழிகளைக் கட்டி அதன்மேல் பலகை போட்ட படிகளில் கூட்டம் ஏறும். மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் மண்ணும் மிதிபட்ட கடலைத் தோலும் இருக்கும். சுவரொட்டிகளில் 'ஆங்கிலக் குத்துச்சண்டை' என்றுதான் அச்சிடுவர். 'ரோஷமான' என்ற அடைமொழி அதற்கு முன்னால் வரும். ஆங்கிலத்திற்கு ரோஷத்தைச் சேர்த்துக் கொடுத்தது சென்னைத் தமிழ்!

அந்த ஆங்கிலம் வந்த வழி வெளிப்படையானது. துறைமுகம், படை முகாம், ரயில்வே பட்டறை ஆகிய மூன்றும் வெள்ளையரின் கையுறையையும் விதிகளையும் வடசென்னைக்குக் கொண்டுவந்தன. 1867இல் இங்கிலாந்தில் வெளியான குயின்ஸ்பெரி விதிகள்தாம் அடிப்படை: மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, கையில் உறை, விழுந்தவன் எழப் பத்து எண்ணிக்கை. ஆனால் விதி ஆங்கிலேயருடையதாயினும் அதைப் பயின்ற முறை நம் நாட்டுச் சிலம்பக் கூடத்து முறையாகவே இருந்தது. வாத்தியார், சீடன், குரு வணக்கம், பரம்பரை. இசையிலும் நாட்டியத்திலும் பாணி என்று சொல்வதை இவர்கள் பரம்பரை என்றனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்பன அவற்றுள் பேர்பெற்றவை. 'சார்' என்றால் நான்கு, 'பட்டா' என்றால் கத்தி. நான்கு கத்திகள் என்று சார்பட்டாவுக்குப் பொருள் சொல்வாருண்டு. பரம்பரை இரத்த உறவால் வருவதன்று. எந்த வாத்தியாரிடம் கையுறை கட்டிக்கொண்டானோ அவர் வழி அவனுடைய வழி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கட்டுமரம் ஏறியவர், மில் தொழிலாளி, பட்டறைத் தொழிலாளி எனப் பலரும் அங்கே சீடர்களாயினர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்களும் மீனவர்களும் ஆவர்.

இவ்விடத்தில் புறநானூற்றுக்கு மீண்டும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் கிள்ளியின் போர் விரைவுக்கு ஓர் உவமை சொல்கிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறு வலி, வானில் மழை, மேற்கே சாயும் கதிரவன். இவ்வளவுக்கும் நடுவில் கட்டில் பின்னிக் கொண்டிருக்கும் ஒருவனின் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவு என்கிறார். உவமைக்கு வந்த அந்தத் தொழிலாளிக்குப் பெயர் இல்லை. சாதி இழிவைச் சுட்டும் ஒரு சொல்லே பெயராக நிற்கிறது. அரசனுடைய கைக்கு அவன் கை உவமையாகலாம்; அரங்கில் ஏற அவனுக்கு இடமில்லை. கண்ணப்பர் திடலில் ஏறியது அந்தக் கை. இந்த ஒன்றுக்காகவே வடசென்னைக் குத்துச்சண்டை, தமிழ் வரலாற்றில் ஓர் அத்தியாயம் பெறத் தகும் என்று கருதுகிறேன். பெற்றதா என்பது வேறு கேள்வி.

பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் கித்தேரி முத்து. 1940களில் சார்பட்டா பரம்பரையின் வீரர். வெல்ல முடியாதவர் என்று பேரெடுத்திருந்த டெர்ரி என்ற வெள்ளையரை அவர் வீழ்த்தினார் என்பது எங்கள் தெருவில் பாலபாடம். டெர்ரி ஆங்கிலேயர் என்பர் சிலர். ஆங்கிலோ இந்தியர் என்பர் சிலர். அதற்கு முன்பு டெர்ரியோடு மோதிய அருணாசலம் என்ற வீரர் மேடையிலேயே உயிர்விட்டார் என்றும், முத்துவின் குத்து அதற்குப் பழிவாங்கியது என்றும் சொல்வர். தந்தை பெரியார் முத்துவைத் 'திராவிட வீரன்' என்று பாராட்டினார் என்பதும் வடசென்னையில் வழிவழியாக வரும் செய்தி. என் மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சுற்றின் எண்ணிக்கை மாறும். சிறுவனாக இருந்தபோது அது பொய் என்று கோபம் வந்தது. பிற்காலத்தில்தான் அது பாடபேதம் என்று புரிந்தது.

அதே காலத்தில் பம்பாய், பெங்களூர், சென்னை என்று சுற்றிய கன்போட் ஜாக் என்ற அமெரிக்கக் கறுப்பின வீரரையும் பழைய ரசிகர்கள் மறக்கவில்லை. பேரும் புகழுமாக இருந்தவர், இறுதியில் இந்த மண்ணிலேயே வறுமையில் வாழ்ந்தார். அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் எவரும் பாதியில் குரல் தாழ்த்திக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

மலையேறி வந்த எனக்கு இவற்றைப் பேச ஆளில்லை என்றே எண்ணியிருந்தேன். ஒண்டிக்கடைத் தேநீர்க் கடையில் ஒரு நாள், லாரி ஓட்டுநர் ஒருவர் இடக்கையை முன்னே நீட்டி வலக்கையைத் தாடையோடு அணைத்து யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. காப்பிக்கொட்டை மூட்டைகளோடு மாதம் இருமுறை சென்னைக்குப் போய்வந்தவர். சரக்கு இறக்கிய இரவுகளில் திடலில் உட்கார்ந்தவர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். நான் இராயபுரம் என்றதும், "அப்ப நீங்க சார்பட்டா ஆளு. நமக்கு இடியப்பர்தான் வாத்தியாரே" என்றார். பள்ளி ஆசிரியனாகிய என்னை அவர் வாத்தியார் என்றழைத்ததும், நான் அவரை அண்ணே என்றழைத்ததும் அன்று தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தன. சேலத்துக்காரர் ஒருவருக்கு இடியப்பர் பரம்பரை எவ்வாறு சொந்தமாயிற்று என்று கேட்டேன். முதல்முதல் சீட்டு வாங்கிய அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெற்றிலை கொடுத்தாராம். அவர் இடியப்பர் கட்சியாம். பல தீவிரமான பற்றுகளின் மூலம் இவ்வளவே.

அவர் வியப்பது கைகளை அன்று, கால்களை. "குத்து யாருக்கும் வரும். காலடிதான் வாத்தியார் குடுக்கறது" என்பார். குதிகால் தரையில் பதியாமல், உடல் எடையை முன்பாதத்தில் தாங்கி, எதிரியின் இடக்காலுக்கு வெளிப்புறமாகத் தன் காலை வைக்கும் அந்த அசைவை, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, பனி மூடிய சாலையிலேயே ஆடிக் காட்டுவார். சேலத்திலிருந்து வரும் பேருந்து ஓட்டுநர் ஒலிப்பான் அடித்துக்கொண்டே காத்திருப்பார். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்கியவருக்குத் திரும்பும் கலையின் அருமை தெரிந்திருந்தது என்று நான் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

எங்கள் இருவருக்கும் பொதுவான தெய்வம் முகம்மது அலி. 1971 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் ஜோ பிரேசியரிடம் அலி தோற்றார். அந்தச் செய்தி வந்த நாளன்று எங்கள் தெரு முடிதிருத்தகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று 1967இல் மறுத்து, பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் மேடையேறாதிருந்து திரும்பியவர் அவர். மறுத்தவன் தோற்கலாகாது என்பது எங்கள் ஆசை. 1974 அக்டோபர் 30இல் கின்ஷாசாவில், ஜார்ஜ் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடியே களைப்புறச் செய்து எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அடுத்த சில மாதங்கள் வடசென்னையில் பயிற்சிக்கு வந்த பையன்கள் எல்லோரும் கயிற்றில் சாய்ந்து நின்று வாத்தியார்களிடம் திட்டு வாங்கினர். 1975 அக்டோபர் 1ஆம் நாள் மணிலாவில் நடந்த மூன்றாம் சந்திப்பில், பதினான்கு சுற்றுகள் முடிந்த நிலையில், கண் மூடிப்போன பிரேசியரைப் பதினைந்தாம் சுற்றுக்கு எழவிடாமல் தடுத்தார் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச். அலியின் வெற்றியைக் காட்டிலும் இதையே அண்ணன் அதிகம் பேசுவார். "வாத்தியார்னா அவருதான். பையன் செத்துப்போயிருவான்னு தெரிஞ்சா துண்டைப் போடணும். நம்ம ஆளுங்க பரம்பரை மானம்னு பாத்தாங்க."

அலி சென்னைக்கே வந்தது 1980இன் தொடக்கத்தில். அப்போது அவர் ஓய்வை அறிவித்திருந்தார், வயது முப்பத்தெட்டு. நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எல்லிஸ் அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், பயிற்சித் தோழர், 1968 முதல் 1970 வரை ஹெவிவெயிட் பட்டங்களுள் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர், 1971இல் ஹூஸ்டனில் அலியிடம் பன்னிரண்டாம் சுற்றில் தோற்றவர். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அலியை வரவேற்றார். இந்தியாவில் இருந்தபோதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் வேண்டுகோள் அலிக்கு வந்து சேர்ந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு ஆப்பிரிக்க நாடுகளைக் கேட்டுக்கொள்ள அவர் இங்கிருந்து தான்சானியாவுக்குப் போனார். தான்சானிய அதிபர் நியெரெரே அவரைச் சந்திக்க மறுத்தார். போருக்கு மறுத்தவரைத் தூது அனுப்பிய விந்தையும், அந்தத் தூதரைச் சந்திக்கவே ஒருவர் மறுத்த விந்தையும் அன்று எங்களுக்கு எட்டவில்லை. நாங்கள் பார்த்தது அரங்கத்தின் நடுவே வெள்ளை வெளிச்சத்தில் அசைந்த இரண்டு உருவங்களை.

நாங்கள் என்பது நானும் அண்ணனும். அன்று ஒருவரையொருவர் அறியோம். இருபது வயதில் நான் ஒரு பக்கத்துப் படியில். சேலத்திலிருந்து இரவு ரயிலேறி வந்த அவர் எதிர்ப்பக்கத்துப் படியில். பின்னாளில் ஒண்டிக்கடையில் இதைக் கண்டுபிடித்தபோது இருவரும் ஒரு தேநீரைக் கூடுதலாகக் குடித்தோம். ஆனால் இருவர் கண்டதும் ஒன்றாக இல்லை. அலி களைத்திருந்தார், எல்லிஸ் பெருந்தன்மையாக விலகிக் கொடுத்தார் என்பது என் கட்சி. அலி விளையாட்டுக் காட்டினார், கால்கள் முன்போலவே இருந்தன என்பது அவர் கட்சி. இதை இருபத்தேழு ஆண்டுகள் வாதாடினோம். காட்சிப் போட்டிக்கு வெற்றி தோல்வி இல்லை என்று இடையில் யாராவது சொன்னால் அவரை இருவரும் சேர்ந்தே விரட்டுவோம். 1984இல் அலிக்கு நடுக்கு நோய் என்று மருத்துவர்கள் கூறிய செய்தி வெளியானது. நான் வாதத்தில் வென்றேன் என்று சொல்லத் துணியவில்லை. அண்ணனும் அதன்பின் சிலகாலம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி, வருத்தமான பகுதி. அதே நேரு விளையாட்டரங்கம் முன்பு மாநகராட்சி அரங்கம் எனப்பட்ட நாளில், 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தனர். மன்கட் 231, ராய் 173. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்து, 2008இல் முறியடிக்கப்பட்ட சாதனை அது. ஓட்டம் ஒவ்வொன்றும் ஏட்டில் இருக்கிறது. அந்த அரங்கத்தின் பக்கத்திலேயே இருந்த திடலில் ஆண்டுக்கணக்காக நடந்த சண்டைகளுள் எத்தனை சண்டைகளின் முடிவை நம்மால் ஏடு பார்த்துச் சொல்ல இயலும்? எழுதி வைக்கும் வசதியும் பழக்கமும் இருந்தவர்கள் மட்டைப்பந்தைப் பார்த்தார்கள்; குத்துச்சண்டையைப் பார்த்தவர்களுக்கு மறுநாள் காலை துறைமுக வேலை இருந்தது. இதற்கு மேல் இதில் மர்மம் எதுவுமில்லை. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய இதழ்களும் அறிக்கைத் தாள்களும் எவ்வளவோ சாம்பலாயின. நேரு விளையாட்டரங்கமும் 1993இல் புதிதாகக் கட்டப்பட்டது. நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டமும் நான்கு முறை கட்டப்பட்டது, இரு முறை இடமே மாறியது. ஆயினும் பெயரும் பதிவேடும் கூடவே போயின. கண்ணப்பர் திடலிலிருந்து எதுவும் எங்கும் போகவில்லை.

பரம்பரைச் சண்டைகள் குன்றியதற்குக் காரணங்கள் பல. மேடையில் முடிய வேண்டியது படிகளில் தொடர்ந்தது, கத்தியும் பாட்டிலும் வந்தன, அனுமதி அரிதாயிற்று. சில வீரர்களை அரசியல்வாதிகளும் சாராய வியாபாரிகளும் அடியாளாக்கிக்கொண்டனர். எங்கள் தெருவில் நான் கைதட்டிய ஒருவரை, பின்னர் அவ்வாறு பார்க்க நேர்ந்தது; அதைப் பற்றி எழுத மனமில்லை. 1980களின் இறுதியிலிருந்து பழைய வகைப் போட்டிகள் அருகிப்போயின. திறமை அழியவில்லை. சென்னையின் வெங்கடேசன் தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அது வேறு உலகம்: சங்கம், தேர்வு, புள்ளிக் கணக்கு. அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சி உண்டு, ஒட்டுதல் இல்லை. "யாரு கிட்ட கத்துக்கிட்டான்னு பேப்பர்ல போட மாட்டேங்கறானே" என்று குறைபட்டுக்கொள்வார்.

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் 2021இல் வெளிவந்தது. நாவலாசிரியர் தமிழ்ப்பிரபா திரைக்கதையில் பங்கு கொண்டார். நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னை, ரங்கன் வாத்தியார், டான்சிங் ரோஸ் என்று ஒரே வாரத்தில் ஒண்டிக்கடை இளைஞர் வாய்களில் பரம்பரைப் பெயர்கள் புழங்கத் தொடங்கின. கதை கற்பனைதான். ஆயினும் குளிர்க்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நின்ற பையன்கள், எதிரெதிராகக் கால் மாற்றி ஆடியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது உண்மை. அண்ணன் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 2011இல் மறைந்திருந்தார். படத்தில் இடியப்பர் கட்சி எதிர்க்கட்சியாகக் காட்டப்பட்டதை அவர் ஒருபோதும் மன்னித்திருக்க மாட்டார்.

அவர் கடைசி ஆண்டுகளில் பெயர்கள் மறக்கத் தொடங்கியதும், என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தரச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு. அட்டையில் வாய்ப்பாடு அச்சிட்டது. அவர் இறந்து சில மாதங்கள் கழித்து அவருடைய பேரன் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். பென்சிலில் எழுதிய பட்டியல். பல இடங்களில் பெயரே இல்லை. பட்டப்பெயரும் பரம்பரையும் மட்டும். தேதி எங்குமில்லை. அதற்குப் பதிலாக 'கொட்டை விலை இறங்கின வருஷம்', 'பெரிய பொண்ணு சடங்குக்கு முந்தின மாசம்' என்று குறிப்புகள். சில வரிகளுக்கு எதிரே 'நாக்கவுட்டு'. சிலவற்றிற்கு எதிரே 'பாயிண்ட்டு, அநியாயம்'. இரண்டு நுழைவுச் சீட்டுத் துண்டுகள் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. அலி, எல்லிஸ் என்ற வரியும் இருக்கிறது. எதிரே 'கால் நல்லா இருந்துச்சு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

கூலி ஏட்டிலிருந்து கொட்டை விலை இறங்கிய ஆண்டையும், குடும்பத்தாரைக் கேட்டு மூத்த மகளின் சடங்கு ஆண்டையும் கண்டு, சில வரிகளுக்கு அருகே ஆண்டு குறித்து வருகிறேன். பாதிக்கும் மேல் இன்னும் எஞ்சியிருக்கிறது. நம் வட்டத்து அன்பர்களுள் யாருடைய வீட்டிலேனும் பழைய குத்துச்சண்டை அறிக்கைத் தாளோ, சீட்டுத் துண்டோ, வாத்தியார் ஒருவரின் நிழற்படமோ, பார்த்தவர் ஒருவரின் வாய்மொழியோ இருப்பின் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். எந்தப் பரம்பரையாயினும் சரி. மாலை ஐந்து மணிக்கு மேல் ஒண்டிக்கடைத் தேநீர்க் கடையில் இருப்பேன். நோட்டும் என்னிடமே இருக்கும்.